சாப்பாட்டு மேசையிலிருந்து வந்த காந்தம்

அந்தச் செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் லென்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த போன் இரண்டு முறை அதிர்ந்தது. வகுப்பு முடிந்து வராண்டாவுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். என் ஆய்வு வழிகாட்டி அனுப்பியிருந்தார்.

"மேடம், பேப்பர் வந்துடுச்சு. மைனர் ரிவிஷன்தான். மூணே கேள்வி. ரெண்டு வாரத்துல பதில் அனுப்பிட்டா அக்செப்ட் ஆயிடும்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று புரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. ஆய்விதழின் விமர்சகர் கேட்டிருந்த மூன்று கேள்விகளையும் அங்கேயே நின்று படித்தேன். முதல் இரண்டும் படங்களைப் பற்றியவை. மூன்றாவது கேள்வி ஒரே ஒரு வரி. நீங்கள் அளந்த காந்தத்தன்மை அந்தப் பொருளுக்கே உரியதுதான், வெளியிலிருந்து இரும்பு ஏதும் கலந்ததால் வந்ததல்ல என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்?

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. நான் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்பது ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பதினான்கு வருஷமாக இயற்பியல் ஆசிரியை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பெயருக்கு முன்னால் முனைவர் போட்டுக்கொண்ட பிறகு, மிகத் தாமதமாக, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கல்லூரியில் பகுதி நேர ஆய்வில் சேர்ந்திருந்தேன். என் வழிகாட்டி என்னைவிட ஆறு வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அவருக்கு நான்தான் முதல் ஆராய்ச்சி மாணவி. என் பேப்பர் வந்தால்தான் அவருக்கும் அடுத்த படி.

நான் எடுத்துக்கொண்ட பொருள் ஜிங்க் ஆக்ஸைடு. வேர்க்குருவுக்குத் தடவுகிற லோஷனில் இருக்கிற அதே வெள்ளைத் தூள்தான். அதில் நூற்றுக்கு மூன்று, ஐந்து, ஏழு பங்கு என்று கோபால்ட்டைக் கலந்து, கல்வத்தில் மணிக்கணக்காக அரைத்து, மாத்திரை மாதிரி அழுத்தி, உலையில் வைத்துச் சுட்டு எடுத்தால் வெள்ளை போய்ப் பச்சையாகிவிடும். மாங்காய்த் தோல் பச்சை இல்லை, ஆஸ்பத்திரித் திரைச்சீலையின் பச்சை. முதல் முறை உலையைத் திறந்து அந்த நிறத்தைப் பார்த்தபோது கல்யாணப் புடவை எடுத்த நாளில்கூட இவ்வளவு நேரம் ஒரு நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை என்று தோன்றியது.

இதற்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற சிப் ஒரு பொருள், நினைவில் வைத்துக்கொள்கிற காந்தம் வேறொரு பொருள். ஒன்று எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைப் பயன்படுத்துகிறது. இன்னொன்று எலெக்ட்ரானின் சுழற்சியைப் பயன்படுத்துகிறது. இரண்டையும் ஒரே பொருள் செய்தால், அதுவும் ஐஸில் வைக்காமல் சாதாரண அறை வெப்பத்திலேயே செய்தால், ஒரு புதிய சாதனத்துக்கே வழி திறக்கும். உலகத்தில் பல பேர் அந்தப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலர் கிடைத்தது என்றார்கள், சிலர் கிடைக்கவே இல்லை என்றார்கள். என் பச்சைத் தூள் கிடைத்தது என்று சொல்கிற பக்கம் நின்றது.

காந்தத்தன்மையை அளக்கிற கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. நகரத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. மின்னஞ்சலில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், திங்கள் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று பதில் வரும். சனிக்கிழமை மதியத்தோடு கல்லூரி ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை எனக்குப் பள்ளி அரை நாள். அதனால் முன்கூட்டியே தூள் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வேன். ஞாயிறு சர்ச் முடிந்து, சமையல் முடிந்து, பொழிச்சலூர் வீட்டின் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாள் விரித்து, தூளை நிறுத்து எடுத்து, மருந்துக் கடையில் பார்க்கிற மாதிரியான காலிக் கேப்ஸ்யூலில் போட்டு, பஞ்சு வைத்து அடைப்பேன். பிளாஸ்டிக் கரண்டிதான். பிளாஸ்டிக் இடுக்கிதான். இரும்பு படக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆய்வகத்தில் இரும்புக் கரண்டியைத் தொட்டதே இல்லை.

முதன்முதலில் கருவித் திரையில் அந்த வளையம் விரிந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாதாரணப் பொருள் என்றால் ஒரு நேர்கோடு வரும். காந்தம் என்றால் கோடு போகிற வழியில் போகும், திரும்பி வருகிற வழி வேறாக இருக்கும், நடுவில் ஒரு மெல்லிய வயிறு விழும். என் பச்சைத் தூளுக்கு வயிறு விழுந்தது. அங்கே கருவியை இயக்குகிற அக்கா, ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "லூப் வருதே உங்களுக்கு" என்றார். அதில் ஆச்சரியத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் இருந்தது. அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை.

அந்தப் படத்தின் ஒரு பிரிண்டை என் கணவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் சூப்பர்வைசர். இரும்புத் தண்டுகளைக் கடைந்து, கிரைண்டிங்கில் தேய்த்து, பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற இடம். அங்கே எல்லாரிடமும் காட்டியிருக்கிறார். "என் வூட்டுக்காரம்மா கண்டுபுட்ச்சது" என்று சொன்னாராம். அவர் பம்மலில் பிறந்து வளர்ந்தவர். என்னிடம் பேசும்போது கொஞ்சம் திருத்திப் பேசுவார், சந்தோஷத்தில் அது விட்டுப்போகும்.

ஆனால் எண்கள் எனக்குப் பிடிபடவில்லை. கோபால்ட் கூடக் கூடக் காந்தத்தன்மையும் கூட வேண்டும், அல்லது ஒரு அளவுக்குப் பிறகு குறைய வேண்டும். ஏதாவது ஒரு ஒழுங்கு வேண்டும். எனக்கு மூன்று பங்கில் அதிகம், ஐந்தில் குறைவு, ஏழில் மறுபடி அதிகம். ஒரே குப்பியிலிருந்து இரண்டு கேப்ஸ்யூல் நிரப்பினால் இரண்டும் இரண்டு விதம். வழிகாட்டி அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். பொருளுக்குள் ஆக்ஸிஜன் அணுக்கள் காணாமல் போன காலி இடங்கள் இருக்கும், அவை எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, அதனால் இப்படி. இந்தத் துறையில் பலரும் சொல்கிற விளக்கம்தான். நான் அதைக் கட்டுரையில் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதும்போதே காலில் முள் இருக்கிற மாதிரி ஒன்று உறுத்தியது. எங்கே என்று தெரியவில்லை.

மூன்றாவது முறை போனபோது கருவி அக்கா கேட்டார். "உங்க சாம்பிள் ஒருக்கா வருது, ஒருக்கா வரலை. ஏன் மேடம்?"

"ஆக்ஸிஜன் வேக்கன்சி" என்றேன்.

அவர் அடுத்த கேப்ஸ்யூலை எடுத்து, அதன் வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கருவிக்குள் இறக்கினார்.

மூன்றாவது கேள்விக்கான பதிலை என் வழிகாட்டியே எழுதி அனுப்பிவிட்டார். மாதிரிகள் எல்லாக் கட்டங்களிலும் மிகுந்த கவனத்துடன் கையாளப்பட்டன, இரும்புக் கருவிகள் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. நான் சரி என்று சொன்னால் போதும். பொய் என்று அதில் எதுவும் இல்லை. முதல் பாதியும் உண்மை, இரண்டாம் பாதியும் உண்மை. நான் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். எழுந்து போய் ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தை மறுபடி துலக்குவேன். மொட்டை மாடிக்குப் போவேன். விமானம் ஒன்று தலைக்கு மேல் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும். அது இரைந்து முடிகிற வரைக்கும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதி. கீழே வந்து மறுபடி அந்த வரியைப் பார்ப்பேன். எல்லாக் கட்டங்களிலும். அந்தச் சொல்தான். எந்தெந்தக் கட்டம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினால், நான்காவது விரலோ ஐந்தாவது விரலோ எங்கள் வீட்டில் வந்து நின்றது. அதைத் தொட்டதும் விரலை மடக்கிவிட்டுக் காய் நறுக்கப் போய்விடுவேன்.

ஐந்தாம் நாள் வழிகாட்டி போன் செய்தார்.

"மேடம், அந்த ரிப்ளை பாத்துட்டீங்களா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"அதுல பாக்க என்ன இருக்கு? எல்லா ரிவியூவரும் கேக்கற கேள்வி. எல்லாரும் எழுதற பதில்."

"சார், ஜீரோ பர்சென்ட் சாம்பிளை நாம எங்க பேக் பண்ணினோம்னு ஞாபகம் இருக்கா?"

"லேப்ல. நீங்களும் நானும்தான் பண்ணினோம். ஏன்?"

"ஒண்ணுமில்லை சார். சும்மா கேட்டேன்."

கோபால்ட் கலக்காத வெள்ளைத் தூளை மட்டும்தான் நாங்கள் கல்லூரியில் நிரப்பியிருந்தோம். முதல் முறை என்பதால் அவர் கூட இருந்து காட்டிக்கொடுத்தார். அதற்கு நேர்கோடு வந்தது. மற்ற எல்லாம் என் வீட்டில் நிரப்பியவை. அவற்றுக்கு வயிறு விழுந்தது. வெள்ளைக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் கோபால்ட் என்று நாங்கள் எழுதியிருந்தோம். இன்னொரு வித்தியாசமும் இருந்தது.

சனிக்கிழமை பள்ளி ஆய்வகத்திலிருந்து நியோடிமியம் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான் இருக்கும். இரண்டைச் சேரவிட்டால் பிரிப்பதற்குள் விரல் நசுங்கும், அப்படிப்பட்ட காந்தம். முதலில் கல்லூரிக்குத்தான் போனேன். ஆய்வகம் பூட்டுவதற்கு அரை மணி இருந்தது. காந்தத்தைப் புதுப் பாலிதீன் பையில் போட்டு, நான் வேலை செய்கிற மேசை முழுக்க மெதுவாக நகர்த்தினேன். பையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தராசைச் சுற்றி நகர்த்தினேன். ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அங்கே ஏதாவது ஒட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று இருந்தது.

கூடுவாஞ்சேரியிலிருந்து பல்லாவரம் வரைக்கும் ரயிலில் உட்கார இடம் இருந்தும் கதவருகே நின்றுகொண்டு வந்தேன். பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறியவள், என் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன். உட்கார முடியவில்லை.

வீட்டில் யாருமில்லை. செருப்பைக் கழற்றியதும் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனேன். புதுப் பை, அதே காந்தம். மேசை விரிப்பின் மேல் ஒரு முறை, இரண்டு முறை. பையைத் திருப்பினேன். காந்தத்தின் விளிம்பில் கறுப்பாக ஒரு மெல்லிய மீசை முளைத்திருந்தது. என் கணவர் வழக்கமாக உட்கார்கிற நாற்காலியின் முதுகில் வைத்தேன். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி அந்த நாற்காலி மேல்தான் போடுவார். மீசை தாடியாகிவிட்டது. ஜன்னல் கட்டை, மின்விசிறி இறக்கை, நான் வெள்ளைத் தாள்கள் வைக்கிற அலமாரித் தட்டு. இடத்துக்கு ஒரு பை மாற்றினேன், எல்லா இடத்திலும் ஒட்டியது. தினமும் பெருக்கித் துடைக்கிற வீடு. கண்ணுக்கு ஒரு தூசியும் தெரியாத வீடு. அந்தக் கருவிக்கோ கண்ணுக்குத் தெரிகிற அளவு தேவையே இல்லை. கடுகை நூறாக உடைத்தால் வருகிற துணுக்கில் ஒரு துளி இருந்தாலே போதும், நான் கட்டுரையில் போட்டிருந்த வளையம் வந்துவிடும்.

நாற்காலியில் உட்காரப் போய், உட்காராமல், தரையில் உட்கார்ந்தேன்.

அவர் மூன்று மணிக்கு வந்தார். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டைப் பொத்தானில் கை வைத்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாமா, கீழ குந்திகினு கீற?"

"ஏங்க, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

எழுந்து போய்க் காந்தத்தை அவர் சட்டை மேல் தோளிலிருந்து கீழே இறக்கினேன். அவர் சிரித்தார், கூச்சம் என்று. பையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷம் இரும்புத் தூளோடு வாழ்ந்தவர். அதைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அங்கே வரிசையாக வைத்திருந்த மற்ற பாலிதீன் பைகளைப் பார்த்தார்.

"இது உன் கேப்ஸ்யூல்ல போயிருக்குன்றியா?"

"அப்படித்தான் தோணுது."

"அப்ப அந்தப் படம்?"

நான் பையை மேசை மேல் வைத்தேன்.

"என்னாலயா?" என்றார்.

"உங்களால இல்லைங்க. நான் இங்க வெச்சுப் பண்ணியிருக்கக் கூடாது."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே போய், மாடிப்படியில் நின்று, சட்டையைக் கழற்றி உதறினார். ரொம்ப நேரம் உதறிக்கொண்டே இருந்தார்.

இருந்தாலும் நான் ஆசிரியை. காந்தத்தில் தூசி ஒட்டியது என்பது நிரூபணம் ஆகாது. ஏற்கெனவே விண்ணப்பித்திருந்த ஒரு நேரம் இரண்டு மூன்று நாளிலேயே கருவியில் கிடைத்தபோது பச்சைத் தூளே இல்லாமல், பஞ்சு மட்டும் அடைத்த நான்கு கேப்ஸ்யூல்களைக் கொண்டுபோனேன். இரண்டு கல்லூரியில் அடைத்தவை, இரண்டு என் வீட்டு மேசையில் அடைத்தவை. எது எது என்று அக்காவிடம் சொல்லவில்லை, எண் மட்டும் போட்டிருந்தேன்.

முதல் இரண்டும் நேர்கோடு. மூன்றாவது இறங்கியது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழ, நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கோடு வளைந்தது, திரும்பியது, வேறு வழியில் வந்தது. நான்காவதும் அப்படியே. வெறும் பஞ்சு, என் கட்டுரையின் இரண்டாவது படத்தை அப்படியே வரைந்தது.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுல என்ன வெச்சிருக்கீங்க?" என்றார்.

"ஒண்ணும் வெக்கலை அக்கா. பஞ்சுதான்."

"எங்க பேக் பண்ணீங்க?"

"வீட்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "காலைலேருந்து எதுவும் சாப்பிடலை போல இருக்கே, கேன்டீன் பன்னெண்டு மணிக்குத்தான் திறக்கும்" என்று சொல்லித் தன் டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். அதில் இரண்டு சப்பாத்தி இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவர் பார்க்கிறாரே என்று மென்று முடித்தேன்.

வழிகாட்டியிடம் மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். ஆறு நாள் சொல்லவில்லை. பள்ளியில் ரிவிஷன் டெஸ்ட், தாள் திருத்துகிறேன் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் நாளைக்கு சார், நாளைக்கு சார் என்று பதில் போட்டேன். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் கல்லூரிக்குப் போய் அவர் மேசையில் நான்கு படங்களையும் வைத்தேன். எது எங்கே அடைத்தது என்று பேனாவால் எழுதியிருந்தேன்.

அவர் வெகு நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"கருவி அக்காவுக்கு. என் வீட்டுக்காரருக்கு."

"மேடம், ரிவியூவர் ஒரு லைன்தான் கேக்கறார். நாம எழுதினதுல தப்பு எதுவும் இல்லை. அயர்ன் டூல் யூஸ் பண்ணலை. உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

"அப்புறம் என்ன?"

"சார், பஞ்சுக்கு லூப் வருது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பச்சைல கொஞ்சமாவது நெஜமா இருக்கலாம் இல்லையா? தூசி பாதி, நெஜம் பாதி?"

"இருக்கலாம் சார். எல்லாத்தையும் இங்கயே மறுபடி பேக் பண்ணி அளந்துட்டு, அப்புறம் அனுப்பலாம்."

"ஸ்லாட் கெடைக்க ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள இது போயிடும்."

"போகட்டும் சார்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். திரும்பி வரவில்லை. அன்று சாயங்காலம், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிய மின்னஞ்சலின் நகல் எனக்கு வந்தது. மூன்று வரி. காரணம் என்ற இடத்தில், மேலும் சரிபார்ப்பு தேவைப்படுவதால் என்று இருந்தது.

இரண்டரை மாதம் கழித்து, கல்லூரியிலேயே, கையுறை மாட்டி, புதுத் துணி உடுத்திக்கொண்டு நிரப்பிய எட்டு கேப்ஸ்யூல்களை அளந்தோம். எட்டும் நேர்கோடு. பாதி நெஜம் என்றுகூட இல்லை. கோபால்ட் அணுக்கள் தனித்தனியாக, ஒன்றோடொன்று பேசாமல் உள்ளே உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். வழிகாட்டி வந்து பார்த்துவிட்டு, "ஓகே மேடம்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் பல மாதம் எனக்கு மின்னஞ்சலில்தான் பேசினார். நேரில் பார்த்தால் தலையசைப்பார்.

வீட்டில் வேறொன்று நடந்தது. என் கணவர் யூனிட்டிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரத் தொடங்கினார். அங்கே குளிக்க வசதி கிடையாது. ஒரு டிரம் தண்ணீரும் தகர மறைப்பும்தான். வேலைச் சட்டைகளைத் தனியாக ஒரு பையில் கட்டி மாடிப்படிக்கு வெளியே வைத்தார். அவற்றை அவரே துவைத்தார். சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். தட்டை வாங்கிக்கொண்டு டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கால் வலி, மேசை உயரம் சரியில்லை என்று ஏதோ சொன்னார். யூனிட்டில் யாரோ "அண்ணா, அக்கா பேப்பர் வந்துச்சா?" என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னதாக ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

நான் இனிமேல் வீட்டில் தூளைத் தொடப்போவதில்லை, அவர் எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்று பல முறை சொன்னேன். கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் மடக்குவது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

"நீ ஏம்மா இங்க குந்தற, மேல போ."

"நீங்க வந்தா வரேன்."

"நான் வந்தா இன்னா ஆவும் தெரியுமில்ல."

"ஒண்ணும் ஆகாது. சாம்பார் சிந்தும், அவ்ளோதான். இத்தனை வருஷமா அந்த இரும்புலதான் நாம சாப்ட்டுக்கிட்டிருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, "உனக்கு அது வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்த நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் அழுதேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியை வேகமாக வைத்தார். அடுத்த வாரம் மேசைக்கு வந்தார். வேலைச் சட்டைப் பையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சம்மதிக்கவில்லை, இன்றுவரைக்கும்.

என் ஆய்வு எப்படியோ நடந்து முடிந்தது. காந்தம் போனதும் கையில் மிஞ்சியது மின்கடத்தல். மாத்திரையாக அழுத்திய அந்தப் பச்சைத் துண்டின் மேல் வெள்ளிப் பசையால் நான்கு கம்பிகளை ஒட்டி, வெப்பத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே அதன் மின்தடையை அளக்கிற வேலை. கல்லூரியிலேயே செய்யலாம். இதுவரை அதைச் சடங்குக்குச் செய்துவைத்திருந்தேன், கட்டுரையின் கடைசி அரைப் பக்கத்துக்காக. இப்போது முழுதாக அதில் உட்கார்ந்தேன். கம்பி கழன்றுவிடும், மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு ஒரு முறை எண் எழுத வேண்டும். மின்சாரம் போனால் முதலிலிருந்து. ஒரு அளவுக்கு மூன்று விடுமுறை நாட்கள். கோபால்ட் கூடக் கூட எலெக்ட்ரான்கள் நகரச் சிரமப்படுவதும், உலையில் காற்றுக்குப் பதில் வேறு வாயுவை விட்டால் அந்தச் சிரமம் குறைவதும் வரிசையாக, ஒழுங்காக வந்தது. மறுபடி அளந்தால் மறுபடி அதே எண். முதல் முறை அப்படி வந்தபோது என்னால் நம்ப முடியவில்லை. புதிதாக மாத்திரை செய்து அளந்தேன். அதே எண். இன்னொரு மாத்திரை. ஆறாவது மாத்திரையில் வழிகாட்டியே நேரில் வந்து, "போதும் மேடம், இது நெஜம்" என்றார். ஏழாவதையும் அளந்தேன்.

ஆய்வேட்டில் காந்தத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் வைத்தேன். வீட்டு மேசை, பஞ்சுக் கேப்ஸ்யூல், எட்டு நேர்கோடுகள் எல்லாம் அதில் இருந்தன. வழிகாட்டி இரண்டு முறை வேண்டாம் என்றார். இல்லாததைப் பற்றி யாராவது அத்தியாயம் எழுதுவார்களா, தேர்வாளர் தோண்டுவார், பிரச்சினையை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிற மாதிரி ஆகிவிடும் என்றார். நான் எடுக்கவில்லை. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வாய்மொழித் தேர்வு அன்றைக்குக் கல்லூரி அரங்கில் முப்பது பேர் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மின்கடத்தல் அத்தியாயங்களை வேகமாகத் தாண்டி, நேராக அந்த இடத்துக்கு வந்தார்.

"இதுல ரிசல்ட்னு ஒண்ணும் இல்லையே. எதுக்கு இந்த சாப்டர்?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து என் வழிகாட்டி எழுந்தார். "நான்தான் சார் வெக்கச் சொன்னேன். அடுத்து பண்றவங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்."

தேர்வாளர் தலையசைத்தார். "நல்ல காரியம் பண்ணீங்க. இதெல்லாம் யாரும் எழுதறதில்லை" என்று அவரைப் பார்த்துச் சொன்னார். அரங்கில் சிலர் கைதட்டினார்கள். என் கணவர் கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று புரியாமல் அவரும் தட்டினார்.

தேர்வு முடிந்து எல்லாரும் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வழிகாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாரி மேடம். வாய்ல வந்துடுச்சு."

"பரவாயில்லை சார்."

"உண்மைல எனக்கு அன்னைக்கு உங்க மேல ரொம்ப கோவம். அந்த மெயில் அனுப்பிட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை."

"எனக்குத் தெரியும் சார்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போய் நின்றோம்.

அவர் அடுத்த வருஷம் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டார். எப்போதாவது செய்தி அனுப்புவார். அவருடைய புது மாணவர்கள் அந்த அத்தியாயத்தைக் கேட்டார்கள் என்று ஒரு முறை கோப்பை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நான் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். பெயர்ப் பலகையில் முனைவர் சேர்ந்திருக்கிறது. ஆசிரியர் அறையில் யாராவது என்னை நேர்மைக்கு உதாரணமாகச் சொன்னால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். அந்த மூன்றாவது கேள்வி வராமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கட்டுரை வந்திருக்கும். என் கணவர் அதையும் பிரிண்ட் எடுத்திருப்பார். எண்கள் ஒழுங்கில்லாமல் இருந்ததை நான் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு சனிக்கிழமைகூட காந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரத் தோன்றவில்லை. கேட்டவர் யார் என்று தெரியாது. விமர்சகர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பேனா என்று யோசிப்பதுண்டு. எழுதுவதென்றால் முதல் வரி என்ன என்பதிலேயே அந்த யோசனை நின்றுவிடுகிறது.